வித்துக்கள் உறங்கும் சோலை

இலண்டன் மாநகரைக் காணச் செல்லும் நம் நாட்டவர் பெரும்பாலும் ஒரே வழியையே பின்பற்றுவர். அரண்மனை வாயிலிற் காவலர் மாறுவதைப் பார்ப்பர். நூதனசாலைகளிற் சுற்றித் திரிவர். தேம்ஸ் நதிக்கரையில் நின்று படம் பிடிப்பர். செடி கொடிகளில் விருப்பமுள்ளோர் கியூ பூங்காவில் ஒரு பகற்பொழுதைக் கழிப்பர். அப்பூங்காவின் உடன்பிறப்பு ஒன்று தெற்கே சசெக்ஸ் நாட்டுப்புறத்தில் இருப்பதை அறிந்து அங்கு செல்வோர் மிகச் சிலரே. வேக்ஹேர்ஸ்ட் என்பது அதன் பெயர். உலகின் பல நாட்டுக் காட்டுச் செடிகளினதும் வித்துக்கள் அங்கே நிலத்தின் கீழ் உறைகுளிரில் வைத்துக் காக்கப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியனவாகவும் காப்பதற்கு மிகக் கடினமானவையாகவும் உள்ளவை ஓர்க்கிட் வித்துக்கள். அவ்விடத்தையும் அவ்வித்துக்களையும் பற்றி இங்கு கூற விரும்புகிறோம்.

விக்டோரியா நிலையத்திற் புகையிரதம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹேவேர்ட்ஸ் ஹீத் என்னும் சிறு நகரை அடையலாம். அங்கிருந்து ஆர்டிங்லி கிராமத்தின் வழியாகச் செல்லும் பாதை இருபுறமும் உயர்ந்த பசுவேலிகளைக் கொண்டது. வேலிக்கு அப்பால் செம்மறிகள் மேயும் புற்றரைகள். அவற்றுக்கு அப்பால் கருவாலி மரங்கள். நாம் சென்றது ஜூன் மாதம். வெயில் இருந்ததேயன்றி வெப்பம் இல்லை. நமது ஊர்களில் மார்கழி மாதத்துக் காலைப் பொழுதை ஒத்த குளிர்ச்சி நண்பகலிலும் நிலவியது.

மாளிகையும் புயலும்

வேக்ஹேர்ஸ்டின் நடுவே நிற்கும் கல் மாளிகை 1590-ஆம் ஆண்டில் எட்வேர்ட் கல்பெப்பர் என்பவராற் கட்டப்பட்டது. 1903-இல் இதனை வாங்கிய ஜெரால்ட் லோடர் மரங்களிற் பேரார்வம் கொண்டவர். ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் இருந்து வந்த மரங்களை இங்கே நாட்டி வளர்த்தார். 1965 முதல் இது கியூ பூங்காவின் பொறுப்பில் உள்ளது. பரப்பு 500 ஏக்கருக்கு மேல். ஏரிகளையும் பள்ளத்தாக்குகளையும் சுற்றி நடந்தால் ஒரு நாள் போதாது.

இத்துணைப் பெரிய சோலையும் ஓர் இரவிற் குலைந்துபோன வரலாறு உண்டு. 1987-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தென் இங்கிலாந்தில் வீசிய பெரும் புயல், இங்கு நின்ற மரங்களில் ஏறத்தாழ 20,000 மரங்களை வீழ்த்தியது. பல தலைமுறைகளாக வளர்த்தவை விடியுமுன் சாய்ந்து கிடந்தன. நிற்கும் மரம் எவ்வளவு பெரிதாயினும் அது ஓரிடத்தில் நிற்பது. ஓர் இடரில் அழியக்கூடியது. வித்தோ சிறிய இடத்தில் அடங்குவது. பகுத்துப் பல இடங்களில் வைக்கத்தக்கது. கியூவின் அறிஞர்கள் அப்புயலுக்கு முன்னரே, 1970-களில், தமது வித்துச் சேமிப்பு வேலையை இங்கே கொண்டுவந்திருந்தனர். புயல் அவ்வேலையின் தேவையை யாவருக்கும் கண்முன்னே காட்டிச் சென்றது.

இன்று காணும் வித்துக் களஞ்சியம் 2000-ஆம் ஆண்டிற் திறந்துவைக்கப்பட்டது. மிலேனியம் வித்து வங்கி என்று அதனை அழைக்கின்றனர். வளைந்த கூரைகளையுடைய கட்டடங்கள் புற்றரையோடு ஒட்டித் தாழ்வாக இருக்கின்றன. முன்றிலில், இங்கிலாந்தின் அருகிவரும் நிலவகைகளைக் காட்டும் பாத்திகள். உள்ளே நடுமண்டபத்தில் நின்றால் இருபுறமும் கண்ணாடிச் சுவர்களூடாக ஆய்வுகூடங்களைக் காணலாம். வெள்ளை அங்கி அணிந்த பெண்ணொருத்தி சல்லடையில் வித்துக்களைப் புடைத்துக்கொண்டிருந்தார். நமது தாய்மார் முற்றத்திற் சுளகு பிடிக்கும் அதே கைவண்ணம்!

காய்ச்சலும் குளிரும்

வித்தைக் காக்கும் முறை இரண்டு படிகளைக் கொண்டது. முதலாவது உலர்த்தல், இரண்டாவது குளிரவைத்தல். உலகெங்குமிருந்து வரும் வித்துக்கள் முதலில் உலர்த்தும் அறைக்குச் செல்கின்றன. அங்கே வெப்பநிலை 15 பாகை செல்சியஸ். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்குப் பதினைந்து. கிழமைகள் பல சென்றபின், காய்ந்த வித்துக்களைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு இறுக மூடுகின்றனர். போத்தலுள் சிலிக்கா ஜெல் அடங்கிய சிறு பை ஒன்றும் வைக்கப்படுகிறது. ஈரம் புகுந்தால் அதன் நிறம் மாறி எச்சரிக்கும். பின்னர் போத்தல்கள் நிலத்தின் கீழுள்ள அறைகளுக்குப் போகின்றன. அங்கே குளிர், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை. தடித்த மேலங்கி இன்றி எவரும் உட்செல்ல முடியாது. ஏறத்தாழ 40,000 இனங்களைச் சேர்ந்த 240 கோடிக்கு மேற்பட்ட வித்துக்கள் அங்கே உறங்குகின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை சிலவற்றை எடுத்து முளைக்கவைத்து, உயிர் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

இம்முறையின் முற்பாதி நமக்குப் புதிதன்று. கத்தரி, பாகல், பூசணி ஆகியவற்றின் வித்துக்களைச் சாம்பலிற் புரட்டி, வெயிலிற் காயவைத்து, அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்திற் கட்டித் தொங்கவிட்ட நம் பாட்டிமார், ஈரமே வித்தின் முதற் பகை என்பதை அறிந்திருந்தனர். வித்தின் ஈரத்தை நூற்றுக்கு ஒரு பங்கு குறைத்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலையை 5 பாகை குறைத்தால் மீண்டும் இரட்டிக்கும் என்று விஞ்ஞானிகள் பொது விதி ஒன்றை வகுத்துள்ளனர். பாட்டிமார் செய்தது முதற் பாதி. குளிரறை செய்வது மறுபாதி.

எல்லா வித்துக்களும் இதற்கு இணங்குவன அல்ல. பலா, மா, தேயிலை, கொக்கோ, இறப்பர் ஆகியவற்றின் வித்துக்கள் காய்ந்தால் இறந்துவிடும். அவற்றைப் போத்தலில் அடைத்து வைக்க இயலாது. ஓர்க்கிட் வித்து காய்வதைத் தாங்கும். ஆயினும் அதன் சிக்கல் வேறு வகையானது.

தூசினுஞ் சிறிய வித்து

ஓர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள. பூக்கும் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியவற்றில் அது ஒன்று. ஆனால் அதன் வித்தைக் கையில் எடுத்தால் வித்து என்று எவரும் கூறமாட்டார். முற்றிய காயைத் தட்டினால் மஞ்சள் நிறமான மெல்லிய தூள் புகைபோல எழும். அத்தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், வலை பின்னியது போன்ற மெல்லிய உறைக்குள்ளே சிறு புள்ளியாக முளையம் தெரியும். பல இனங்களில் ஒரு கிராம் நிறையில் இலட்சக்கணக்கான வித்துக்கள் அடங்கும். சில வெப்பவலய இனங்களின் ஒரே காயில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட வித்துக்கள் உண்டு.

சசெக்ஸுக்கு அயலிலுள்ள கெண்ட் மாவட்டத்தில் வாழ்ந்த சார்ள்ஸ் டார்வின், ஓர்க்கிட்டுகளைப் பற்றி 1862-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குக் கூறுகிறார். அப்பகுதிப் புற்றரைகளிற் பூக்கும் புள்ளி ஓர்க்கிட் செடியொன்றின் வித்துக்களை 1,86,300 என அவர் கணித்தார். அவை யாவும் முளைத்துப் பெருகினால், அச்செடியின் கொள்ளுப்பேரர் காலத்திலேயே உலகின் நிலப்பரப்பு முழுவதும் ஓர்க்கிட்டால் மூடப்பட்டுவிடுமாம். அவ்வாறு நிகழவில்லை. ஏன்?

விடை 1899-இற் கிடைத்தது. பிரான்சில் பொந்தேன்புளோ காட்டில் உலாவிய நோயல் பேர்னார்ட் என்னும் இளம் அறிஞர், முளைத்துக்கொண்டிருந்த ஓர்க்கிட் வித்துக்களைக் கண்டெடுத்து ஆராய்ந்தார். ஒவ்வொரு நாற்றினுள்ளும் ஒருவகைப் பங்கசு புகுந்திருந்தது. நெல்லிலும் பயற்றிலும் முளைக்கு உணவாக மாப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கும். ஓர்க்கிட் வித்திலோ அவ்வாறான சேமிப்பு இல்லை. தாய் அதற்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்கவில்லை. காற்றோடு சென்று விழும் இடத்தில் ஏற்ற பங்கசு இருந்து ஊட்டினாற்றான் அது பிழைக்கும். அந்த அரிய சந்திப்பு இலட்சத்தில் ஒன்றுக்கு வாய்ப்பதும் அரிது. 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சீனி கலந்த அகாரில் விதைத்தால் பங்கசு இல்லாமலே வித்து முளைக்கும் என்று காட்டினார். இன்று கடைகளிற் காணும் ஓர்க்கிட் செடிகளிற் பெரும்பாலானவை அவ்வழியிற் தோன்றிய ஆய்வுகூட முறைகளால் வளர்க்கப்பட்டவை.

ஒற்றைச் செடியின் கதை

ஓர்க்கிட் வித்தைக் காப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு இங்கிலாந்திலேயே ஒரு பாடம் உண்டு. சீமாட்டியின் பாதரட்சை என்று பொருள்படும் பெயருடைய ஓர்க்கிட் ஒன்று அந்நாட்டின் வடபகுதிச் சுண்ணாம்புக் குன்றுகளிற் பரவலாக இருந்தது. செந்நிற இதழ்களின் நடுவே மஞ்சட் பாதணி ஒன்றைத் தொங்கவிட்டாற் போன்ற பூ. அழகே அதற்குக் கூற்றாயிற்று. பூவுக்காகப் பறித்தனர், தோட்டத்துக்காகக் கிழங்கோடு தோண்டினர். 1917-இல் அது அற்றுப்போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. 1930-இல் யோர்க்சயர் பள்ளத்தாக்கொன்றில் ஒரே ஒரு செடி காணப்பட்டது. இடத்தை வெளியிடாமல், பூக்கும் காலத்திற் காவல் வைத்து, அந்த ஒன்றைப் பல பத்தாண்டுகள் காத்தனர்.

1983-இல் கியூ பூங்காவில் அதனைப் பெருக்கும் முயற்சி தொடங்கியது. கையால் மகரந்தம் சேர்த்து, காய் முற்றுமுன் கொய்து, வித்துக்களை அகாரில் விதைத்தனர். முற்றிய வித்து முளைக்க மறுத்தமையால் இளங்காயையே நாடவேண்டியிருந்தது. நாற்றுக்கள் 1989 முதல் காட்டில் நடப்பட்டன. அவ்வாறு நட்டவற்றுள் முதற் பூ மலர்ந்தது 2000-ஆம் ஆண்டில். ஒரு பூவைக் காண்பதற்குப் பதினொரு ஆண்டுகள்!

இச்செய்தியைக் கேட்கும்போது மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. எனினும் ஒரு குறையும் அதில் உண்டு. பல்லாயிரம் செடிகள் இருந்த காலத்தில் அவற்றிடையே பல்வகைப் பண்புகளும் இருந்தன. ஒன்று நோயைத் தாங்கும். ஒன்று வரட்சியைத் தாங்கும். எஞ்சிய அந்த ஒன்றையும் தோட்டங்களிற் பிழைத்திருந்த மிகச் சிலவற்றையும் கொண்டே புதிய தலைமுறையை உண்டாக்க வேண்டியிருந்தது. குன்றுகள் பூத்துக் குலுங்கிய காலத்தில் ஒரு கைப்பிடி வித்தை எடுத்து உறைய வைக்கும் அறிவு எவருக்கும் இருக்கவில்லை. இன்று அந்த அறிவு இருக்கிறது. இனம் செழித்திருக்கும்போதே வித்தைச் சேர்க்க வேண்டும் என்பதே அப்பாடம்.

உறைதலின் நுட்பம்

சேர்க்கும் முறை பொறுமையை வேண்டுவது. ஒரே செடியின் மகரந்தத்தை அதற்கே இடாது, வேறொரு செடியினதை எடுத்து வந்து பூவில் வைப்பர். காய் முற்றுவதற்குச் சில இனங்களிற் கிழமைகள், சிலவற்றில் மாதங்கள் செல்லும். வெடிப்பதற்குச் சற்று முன்னர் கொய்யவேண்டும். பிந்தினால் வித்துக் காற்றோடு போய்விடும். பின்னர் வித்தை உலர்த்தி, விரலளவான குப்பிகளில் அடைப்பர். ஓர் இனத்தின் இலட்சம் வித்துக்கள் ஒரு குப்பியினுள் அடங்கிவிடும். ஒரு நாட்டின் ஓர்க்கிட் இனங்கள் அனைத்தையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியொன்றின் அளவான இடத்தில் வைத்துவிடலாம். யானையைக் காப்பதற்கு வனம் வேண்டும்; இதற்கு ஒரு தட்டுப் போதும்.

ஆயினும் ஓர்க்கிட் வித்து, முற்கூறிய பொது விதிக்கு எப்பொழுதும் பணிவதில்லை. சில இனங்கள் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் எதிர்பார்த்த காலத்துக்கு முன்னரே உயிரை இழக்கின்றன. வித்தினுள் இருக்கும் எண்ணெய் அக்குளிரில் உறையும் விதம் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே அத்தகைய வித்துக்களுக்கு இன்னும் ஆழ்ந்த குளிரை நாடுகின்றனர். அதுவே திரவ நைதரசன். அதன் குளிர், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. அந்நிலையில் உயிரினுள் நிகழும் மாற்றங்கள் யாவும் அநேகமாக நின்றுவிடுகின்றன.

இதில் ஆபத்தும் உண்டு. வித்தினுள் நீர் மிகுந்திருந்தால் அது பனிக்கட்டியாகி, அதன் கூர்முனைகள் கலங்களைக் கிழித்துவிடும். நன்கு காய்ந்த வித்துக்கு அந்த அச்சம் இல்லை. ஈரம் எஞ்சியவற்றை முதலில் சீனி, கிளிசரின் முதலியன சேர்ந்த செறிந்த கரைசலில் ஊறவைப்பர். அப்பொழுது நீர் பனிக்கட்டியாகாது கண்ணாடிபோல இறுகும். மீண்டும் எடுத்து இளஞ்சூட்டில் விரைவாக உருகவைத்து விதைத்தால் முளைக்கும். உயிருள்ள வித்தை இனங்காண ஒரு சாயமும் உண்டு. உயிருள்ள முளையம் அதிற் செந்நிறம் பெறும். இறந்தது வெளிறியே கிடக்கும்.

மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள கிங்ஸ் பார்க் பூங்காவினர் மேலும் ஒரு படி சென்றுள்ளனர். ஓர்க்கிட் வித்தோடு அதற்கு ஊட்டும் பங்கசையும் திரவ நைதரசனில் உறைய வைக்கின்றனர். இது மிகப் பொருத்தமான செயல். அகாரில் வளர்ந்த நாற்று ஆய்வுகூடத்திற் செழித்திருக்கும். காட்டு மண்ணில் நட்டால், துணையின்றித் தவிக்கும். குழந்தையைக் காப்பவர் செவிலியையும் காத்தலே முறை. பூவை நாடிவரும் பூச்சியையோ, செடி பற்றி வளரும் மரத்தையோ எந்தக் குப்பியிலும் அடைக்க முடியாது. அவற்றுக்குக் காடே வேண்டும். களஞ்சியம் காட்டுக்கு மாற்று அன்று. காட்டைத் திருத்தி எடுக்கும் வரைக்கும் நமக்குக் கிடைக்கும் தவணையே அது.

எவருடைய வித்து?

கியூவுக்கும் இலங்கைக்கும் வித்து வழியில் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் வித்துக்களைக் கப்பலிற் கொண்டுவந்து கியூவிற் சேர்த்தார். காய்ந்தாலும் பிந்தினாலும் சாகும் வித்து அது. இருபதில் ஒன்று கூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் அவை வேரூன்றின. நமது இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அந்த வித்துக்களின் பயன் பிரேசில் நாட்டுக்கு எவ்வளவு சென்றது என்பதை மாணவர்கள் சிந்திக்கவேண்டும்.

இன்று அவ்வாறு எவரும் எடுத்துச் செல்லலாகாது. 1992-இல் உருவான உயிரினப் பல்வகைமை உடன்படிக்கை, ஒரு நாட்டின் தாவர வளம் அந்நாட்டின் உரிமைக்குட்பட்டது என ஏற்றுக்கொண்டது. வேக்ஹேர்ஸ்டுக்கு வரும் வித்தும் உடன்பாட்டின் பேரிலேயே வருகிறது. இயன்றவரை ஒரு பகுதி பிறந்த நாட்டிலேயே வைக்கப்பட்டு, மறுபகுதியே இங்கு வருகிறது. ஆகவே வீட்டுக் களஞ்சியம் இல்லாதவன் பிறர் களஞ்சியத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது.

நம் வீட்டு மலர்

இலங்கையில் ஏறத்தாழ 190 ஓர்க்கிட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுட் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. சபரகமுவைப் பக்கத்து ஈரக்காடுகளில் மரத்தைப் பற்றி வளரும் வெசாக் மலர் அவற்றுள் ஒன்று. மே மாதத்தையொட்டி இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூங்கொத்துக்கள் தாழ்ந்து தொங்கும். பண்டிகைக் காலத்திற் பூப்பதனாற் பெற்ற பெயரே அதற்குத் தீங்காகவும் முடிந்தது. மரத்திலிருந்து உரித்தெடுத்து விற்றனர்; காடும் சுருங்கியது. இப்பொழுது சட்டம் அதனைக் காக்கிறது. சட்டம் பறிப்பவனைத் தண்டிக்கும், பறித்ததை முளைக்கவைக்காது.

பேராதனையில் 1821 முதல் இருந்துவரும் பூங்காவும், அதன் ஓர்க்கிட் மனையும் நமக்கு உண்டு. ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவையில், 1988-இல் நிறுவப்பட்ட பயிர்மூலவள நிலையத்தில், நமது நெல்லினதும் பயற்றினதும் வித்துக்கள் குளிரறையிற் காக்கப்படுகின்றன. உணவுக்கு வேண்டிய வித்தைக் காக்கக் கற்றுக்கொண்ட நாடு, காட்டு மலரின் தூசு போன்ற வித்தையும் காக்கலாம். அதற்கு வேண்டுவன பெரும் பொருளல்ல. நாட்டின் தாவரங்களை இனங்கண்டறியும் இளைஞர்கள் வேண்டும். எந்தக் காட்டில் எது எப்போது காய்க்கும் என்று குறித்துவைக்கும் பழக்கம் வேண்டும். எந்த வித்துக்கு எந்தப் பங்கசு என்று தேடும் பொறுமை வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தெருவோரத்தில் காட்டுச் செடியென்று கூறி விற்கப்படும் ஓர்க்கிட்டை வாங்காது, பண்ணையில் வளர்த்ததையே வாங்குதல் வேண்டும். மாணவர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பேராதனைக்குச் சுற்றுலாச் செல்லும்போது ஓர்க்கிட் மனையிற் பூவை மட்டும் பார்த்துத் திரும்பாது, காய் பிடித்த செடி எதுவென்று தேடிப் பார்த்து, அதன் பெயரையும் நாளையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரலாம். வேக்ஹேர்ஸ்டின் குளிரறையிலுள்ள ஒவ்வொரு போத்தலும் அத்தகைய ஒரு குறிப்போடுதான் அங்கு வந்து சேர்ந்தது.